மீந்த அட்டையில் ஒரு பிறந்தநாள்

ஜூன் 3, செவ்வாய்

இந்த டைரி டயர் கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்தது. ஜனவரியிலிருந்து மே வரை எல்லாப் பக்கமும் வெள்ளை. லாரி புக்கிங் ஆபீஸில் நாள் முழுக்கப் பில் எழுதுகிறவனுக்கு வீட்டுக்கு வந்தும் பேனா பிடிக்க ஆசை வராது. இன்றைக்கு எடுத்தது ஒரு பட்டியல் போடுவதற்காக.

பள்ளிக்கூடம் திறந்த இரண்டாவது நாளே தன்ஷிகா எனக்கு வேலை வைத்துவிட்டாள். வண்டியில் முன்னால் நின்றுகொண்டு வரும்போதே ஆரம்பித்தாள்.

"அப்பா, என் பர்த்டே எப்போ?"

"இருபத்திரண்டு. ஞாயித்துக்கிழமை."

"எத்தனை தூக்கம்?"

எண்ணிப் பார்த்துப் பத்தொன்பது என்றேன்.

"நம்ம வீட்டுக்கு எல்லாரும் வரணும். ஜோஷிகா வீட்டுக்கு வந்தாங்கல்ல, அது மாதிரி. கேக்கு சின்னதா இருந்தாக்கூடப் பரவால்ல. ஆளுங்க நிறைய வரணும்."

ஐந்து வயது முடியப்போகிறது. கேக் சின்னதாக இருந்தால் பரவாயில்லை என்று சொல்ல இதற்குள் எங்கே கற்றுக்கொண்டாள் என்று தெரியவில்லை. என்னிடமிருந்துதான் இருக்கும்.

அவள் அம்மா சசி போய் ஏழு மாதம் ஆகிறது. நவம்பர் நாலாம் தேதி. டெங்கு, ஆறே நாள். அதற்குப் பிறகு இந்த வீட்டுப் படி ஏறி உள்ளே வந்தவர்கள் சிலிண்டர் போடுகிறவரும் ஓமலூரிலிருந்து என் அக்காவும்தான். காம்பவுண்டில் மொத்தம் ஆறு வீடு. முன்பெல்லாம் மற்ற ஐந்து வீட்டுப் பெண்களும் சாயங்காலமானால் சசியோடு எங்கள் வாசற்படியில்தான் உட்கார்ந்திருப்பார்கள். கால் வைக்க இடமில்லாமல் நான் வண்டியைத் தெருவிலேயே நிறுத்திவிட்டு நின்றிருக்கிறேன். இப்போது குழம்புக் கிண்ணத்தை வெளியே நின்றே நீட்டுகிறார்கள். ஆம்பளை மட்டும் இருக்கிற வீட்டுக்குள் எப்படி வருவார்கள்? அவர்களைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

பட்டியல்:
பலூன்
கேக்
மிக்சர்
ஆட்கள்

ஜூன் 5, வியாழன்

அக்கா போன் பண்ணினாள். தன்ஷிகாவே விஷயத்தைச் சொல்லிவிட்டாள். போனை என்னிடம் கொடுக்கச் சொன்ன வேகத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

"ஏன்டா மாது, உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? வருசம் திரும்பலை, அதுக்குள்ள வீட்ல விசேசம் வெக்கிறியா? பொங்கலுக்குப் பானைகூட வெக்கலையே நாம."

"அஞ்சு வயசுப் புள்ளைக்கு வருசம் என்னக்கா, மாசம் என்ன?"

"ஊரு கேக்கும்டா. நாலு பேரு வருவாங்கன்னு நினைக்கிறியா நீ? ஒருத்தரும் வர மாட்டாங்க. அப்புறம் அந்தப் புள்ளைதான் ஏங்கிப் போகும். நான் அப்பவே சொன்னேன், என்கிட்டக் கொண்டாந்து விட்டுருன்னு. இங்க நான் இருக்கேன், உங்க மாமா இருக்காரு, வீடு நிறைய ஆளுங்க. அங்க அவ யாரு மூஞ்சியப் பாத்துட்டு உக்காந்திருப்பா?"

"என் மூஞ்சியத்தான்."

"அதைத்தான்டா நானும் சொல்றேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை. கடைசியில் ஒரு முடிவு சொன்னாள். "சரி, ஒரே ஒரு பொறந்தநாளை ஆளும் பேருமா நடத்திக் காட்டு. அப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன். இல்லேன்னா இருபத்திமூணாந்தேதி வருவேன், அவ துணிமணியெல்லாம் எடுத்து வெச்சிரு. இங்கயே சேத்துக்கலாம்."

"காட்டறேன்" என்று சொல்லிவிட்டேன். என் வாய் சும்மா இருக்காது.

ஜூன் 7, சனி

பலூன் ஐம்பது வாங்கினேன். எப்படி இருக்கிறது என்று ஒன்றை ஊதிப் பார்த்தேன். வெடித்தது. நாற்பத்தொன்பது.

ஜூன் 8, ஞாயிறு

புது கவுன் வாங்க வேண்டாம் என்று நினைத்துப் போன வருடத்து ரோஸ் கவுனை எடுத்துத் தன்ஷிகாவுக்குப் போட்டுப் பார்த்தேன். இடுப்பு சரியாக இருக்கிறது. உயரம்தான் முட்டிக்கு மேலே ஏறிவிட்டது. மடிப்பு இருக்கிறதா என்று ஓரத்தைத் திருப்பினேன். மூன்று விரல் அகலத்துக்கு உள்ளே மடித்துக் கையால் தைத்திருக்கிறாள் சசி. கடையில் எடுக்கும்போதே "ரெண்டு வருசத்துக்கு வரணும்" என்று பெரிய அளவாக எடுத்தாள். நான் அப்போது கேலி செய்தேன்.

பிளேடை வைத்து ஒவ்வொரு தையலாக அறுத்தேன். துணி கிழியாமல் அறுக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. மடிப்புக்குள் இருந்த துணி மட்டும் வாங்கின நாளில் இருந்த அதே நிறத்தில் இருக்கிறது. மேலே வெளுத்துவிட்டது. தன்ஷிகா போட்டுக்கொண்டு சுற்றிச் சுற்றி ஆடினாள்.

"கீழ டார்க் ரோஸு, மேல லைட் ரோஸு. சூப்பரா இருக்குப்பா."

துணி இன்னொரு வருடத்துக்கு வராது. அடுத்த வருடம் நான்தான் எடுக்க வேண்டும். அளவு எப்படிப் பார்ப்பது என்று யாரிடம் கேட்பது?

ஜூன் 11, புதன்

ராஜாமணி அக்கா வீட்டுக்குப் போய் முறையாகக் கூப்பிட்டேன். எங்கள் எதிர் வீடு. இரண்டு பிள்ளைகள், ஏழு வயதில் மிருதுளா, நாலு வயதில் கவின். சசிக்கு இந்தக் காம்பவுண்டில் ரொம்ப நெருக்கம் அவர்தான். தன்ஷிகா என் காலுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"அஞ்சு மணிக்கு வெச்சிருக்கேன்க்கா. நீங்க பிள்ளைங்களைக் கூட்டிட்டு வரணும்."

"ஞாயித்துக்கிழமை நாலரைல இருந்து ஆறு ராகு காலம் தம்பி. ஆறுக்கு மேல வெச்சுக்குங்க."

"சரிக்கா, ஆறேகால்."

அவர் முந்தானையைத் திருகிக்கொண்டே நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். "நான் சொல்றதைத் தப்பா நினைச்சுக்காதீங்க. வீட்டுப் பொம்பளை வந்து, குங்குமம் குடுத்துக் கூப்பிட்டாத்தான் ஒரு விசேசத்துக்குப் போறதுக்கு ஒரு இது. சசி வந்து நின்னு கூப்பிட்டா நான் ராத்திரி பன்னெண்டு மணின்னாலும் வருவேன். இப்ப வருசம் வேற திரும்பலை. எங்க மாமியாரு ஏதாச்சும் சொல்லும். பாக்கறேனுங்க தம்பி."

பாக்கறேன் என்றால் என்ன அர்த்தம் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

எங்கள் வாசலுக்குப் பத்தடி தூரம்தான். அதற்குள் தன்ஷிகா கேட்டுவிட்டாள். "அம்மா வந்து கூப்பிட்டாத்தான் வருவாங்களா?"

"அப்படியெல்லாம் இல்ல. கார்டு குடுத்தாப் போதும். கார்டு குடுத்தா எல்லாரும் வருவாங்க."

வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். இனி கார்டு வேண்டும்.

ஜூன் 13, வெள்ளி

ஃபேன்ஸி ஸ்டோரில் பிறந்தநாள் கார்டு ஒன்று பதினைந்து ரூபாய். பொம்மை படம், மினுமினுப்பு எல்லாம் உண்டு. அட்டை மட்டும் அப்பளம் மாதிரி இருக்கிறது. இருபது கார்டு வாங்கினால் கேக் கிடையாது. வெளியே வந்துவிட்டேன்.

பீரோ மேல் ஒரு கட்டு அட்டை இருக்கிறது. நவம்பரில் பதினாறாம் நாளுக்கு அடித்தது. நூற்றைம்பது அடித்தோம், மீதி அறுபத்திரண்டு. ஒரு பக்கம்தான் அச்சு, பின்பக்கம் சுத்தமான வெள்ளை. அச்சுப் பக்கத்தில் கலர் பேப்பரை ஒட்டிவிட்டால் மறுபக்கம் எழுதிக்கொள்ளலாம். அந்த மாதிரி பத்திரிகையை வீட்டில் வைக்கக்கூடாது, படித்ததும் ஓரத்தைக் கிழித்து வெளியே போட்டுவிட வேண்டும் என்பார்கள். ஒன்று என்றால் போடலாம். அறுபத்திரண்டு அட்டையை நான் எங்கே கொண்டுபோய்ப் போடுவது?

அட்டை நல்ல கனம். வீணாகக் கிடக்கிறது. அவ்வளவுதான்.

ஜூன் 15, ஞாயிறு

மைதா காய்ச்சினேன். முதல் தடவை கட்டி தட்டிவிட்டது, இரண்டாவது தடவை பசை சரியாக வந்தது. கலர் பேப்பரை வெட்டி வைத்துவிட்டு அட்டைக் கட்டைப் பிரித்துப் பதினெட்டு மட்டும் எடுத்தேன். தன்ஷிகா முதல் அட்டையைக் கையில் எடுத்தாள்.

"அம்மா போட்டோ!"

"ஆமா. அதுக்கு மேல பேப்பர் ஒட்டணும்."

"எல்லாக் கார்டுலயும் அம்மா இருக்காங்களா?"

"இருக்காங்க."

அவள் வரிசையாகப் பதினெட்டு அட்டையையும் தரையில் பரப்பினாள். பதினெட்டிலும் சசி. மஞ்சள் புடவை, கொஞ்சம் இடது பக்கம் பார்த்த மாதிரி. மிருதுளாவின் காதுகுத்தில் எடுத்த போட்டோவிலிருந்து வெட்டியது. அச்சகத்துக்காரர் மஞ்சளைக் கறுப்பு வெள்ளை ஆக்கிவிட்டார், ஆனால் எனக்கு மஞ்சளாகத்தான் தெரியும்.

நான் பசையைத் தடவப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டாள். "நடுவுல தடவாதீங்கப்பா. அம்மா மூஞ்சியில ஒட்டும். ஓரத்துல மட்டும்."

ஓரத்தில் மட்டும் தடவினோம். பின்பக்கம் நான் எழுதினேன்: தன்ஷிகாவுக்கு ஐந்து வயது. 22 ஞாயிறு, மாலை 6.15. எல்லோரும் வாங்க. சுற்றிலும் அவள் ஸ்கெட்ச்சில் பட்டாம்பூச்சி போட்டாள். ஆறு கால் கொண்ட பட்டாம்பூச்சி, எட்டுக் கால் கொண்டது, காலே இல்லாதது. மத்தியானச் சாப்பாட்டை மறந்துவிட்டோம். நாலு மணிக்குத்தான் இரண்டு பேருக்கும் பசித்தது.

நவம்பருக்குப் பிறகு இந்த வீட்டில் இவ்வளவு நேரம் பேச்சுச் சத்தம் கேட்டது இன்றைக்குத்தான்.

ஜூன் 17, செவ்வாய்

காம்பவுண்டுக்கு ஐந்து, வகுப்புக்குப் பதிமூன்று. காம்பவுண்டு அட்டைகளைத் தானேதான் கொடுப்பேன் என்று அடம். நான் குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். மாநகராட்சித் தண்ணீர், விட்ட நேரத்தில் பிடித்தால்தான் உண்டு. மூன்றாவது குடம் நிரம்புவதற்குள் ஓடி வந்துவிட்டாள்.

"குடுத்துட்டியா?"

"கதவுல செருகிட்டேன். இனிமே எல்லாரும் வருவாங்க."

கையெல்லாம் பிசுபிசுப்பு. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன்.

ஜூன் 18, புதன்

வகுப்பு அட்டைகளைப் பையில் கொடுத்தனுப்பினேன்.

ஆபீஸில் யாரையும் கூப்பிடவில்லை. டிரைவர்களைக் கூப்பிட்டால் வருவார்கள், ஆனால் ஒருவர் பெங்களூரில் இருப்பார், ஒருவர் விஜயவாடாவில் இருப்பார். இன்று நான் பேசிய பேச்சு முழுவதும் டன்னும் கிலோவும்தான்.

ஜூன் 19, வியாழன்

காலையில் குழாயடிக்குப் போனதும் பேச்சு நின்றுவிட்டது. கடைசி வீட்டு வனிதா, ஜோஷிகாவின் அம்மா, குடம் பாதி நிரம்பியதுமே எடுத்துக்கொண்டு போய்விட்டார். தன்ஷிகா "ஜோஷி!" என்று கூப்பிட்டாள். உள்ளேயிருந்து கதவைச் சாத்தினார்கள்.

வண்டியை வெளியே தள்ளும்போது பார்த்தேன். கேட்டுக்குப் பக்கத்தில், குப்பைத் தொட்டிக்கு வெளியே, ஒரு கல்லுக்கு அடியில் எங்கள் அட்டை. ஓரம் கிழித்திருந்தது. கலர் பேப்பரைக் காணோம். சசி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இன்னும் இரண்டு. எல்லாவற்றிலும் ஓரம் கிழித்திருந்தது. தன்ஷிகா பார்ப்பதற்குள் எடுத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன்.

பசை விட்டுவிட்டது என்று நினைத்தேன். ஓரத்தில் மட்டும் தடவியது தப்பு.

சாயங்காலம் தன்ஷிகாவைக் கூட்டப் போனபோது பள்ளிக்கூட டே கேரில் டீச்சர் ஒரு கவரைக் கொடுத்தார். "சார், கார்டை ரெண்டு மூணு பேரண்ட்ஸ் வெளிச்சத்துல பாத்திருக்காங்க. எழுத்து தெரியுது. போன் மேல போன். எல்லாத்தையும் நானே திரும்ப வாங்கிட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க." பதிமூன்றும் சரியாக இருந்தது. டீச்சர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை, ராஜாமணி அக்கா வாசலில் வந்து நின்றார். கையில் அட்டை.

"ஏனுங்க தம்பி, எழவுப் பத்திரிகையில போயிக் கொழந்தை பொறந்தநாளை எழுதுவாங்களா? கதவுல செருகியிருக்குது. திறந்ததும் சசி மூஞ்சி. எனக்கு உசிரே போயிருச்சு. எங்க மாமியாரு ரெண்டு நாளாச் சோறு திங்கலை. வனிதா வாசல்ல மஞ்சத்தண்ணி தெளிச்சிட்டு அழுதுட்டு உக்காந்திருக்குது."

"பசை சரியில்லைக்கா."

"பசையா? பசையைப் பத்தியா நான் பேசறேன்?"

அட்டை நல்ல கனம் என்று சொல்லப் பார்த்தேன். மன்னிச்சிருங்கக்கா என்று மட்டும் சொன்னேன். அவர் அட்டையை என்னிடம் கொடுப்பார் என்று கையை நீட்டினேன். கொடுக்காமல் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவரும் கல்லுக்கு அடியில்தான் வைப்பார்.

வெட்கமாக இருக்கிறது. இந்த வயதில், சம்பாதிக்கிற ஒரு ஆள், பதினைந்து ரூபாய்க்குப் பார்த்து இப்படி ஒரு காரியம் செய்து வைத்திருக்கிறேன்.

ஜூன் 20, வெள்ளி

ஐந்து வீட்டுக்கும் போய் மன்னிப்புக் கேட்டேன். வனிதாவின் வீட்டுக்காரர் கிரில் கதவைத் திறக்காமலே "பரவால்லீங்க, பரவால்லீங்க" என்றார். மாடியிலிருக்கிற வீட்டுக்காரம்மா விபூதியை மடித்துக் கொடுத்தார். யாரிடமும் பிறந்தநாள் பேச்சை எடுக்கவில்லை. எந்த முகத்தோடு எடுப்பேன்?

அக்கா போன் பண்ணினாள். எடுக்கவில்லை.

"அப்பா, எத்தனை தூக்கம்?"

"ரெண்டு."

ஜூன் 21, சனி

நிறுத்திவிடலாம் என்று காலையில் நினைத்தேன். பிறகு, யாரிடம் போய் நிறுத்தியதாகச் சொல்வது என்று தெரியவில்லை. வருகிறேன் என்று யாராவது சொல்லியிருந்தால்தானே?

குக்கரில் கேக். சசி செய்வதை நாலு வருடம் பக்கத்திலேயே நின்று பார்த்திருக்கிறேன். பார்த்திருக்கிறேனே தவிர, கவனித்ததில்லை. அடியில் உப்புப் போட வேண்டும் என்பது தெரியும். விசிலைக் கழற்ற வேண்டும் என்பதும் ஞாபகம் வந்தது. ரப்பரைக் கழற்ற வேண்டும் என்பது வீடு முழுக்க ரப்பர் தீய்ந்த நாற்றம் வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. முதல் கேக் குப்பைக்குப் போனது. இரண்டாவது நடுவில் வெடித்து, ஓரத்தில் கறுத்து வந்தது. தன்ஷிகா வெடிப்பில் ஜெம்ஸ் மிட்டாயாக அடைத்துவிட்டாள்.

"இப்ப யாருக்கும் தெரியாது" என்றாள்.

ஜூன் 22, ஞாயிறு

எண்ணெய் தேய்த்துக் குளிக்க வைத்தேன். ரோஸ் கவுன். பலூன் நாற்பத்தொன்பதையும் ஊதியதில் கன்னம் வலிக்கிறது. பாயை விரித்து, பேப்பர் தட்டுகளை அடுக்கினேன். எத்தனை அடுக்குவது என்று புரியாமல் எல்லாவற்றையும் அடுக்கினேன்.

ஆறு மணிக்கு அவள் வாசற்படியில் போய் உட்கார்ந்தாள். ஆறேகால். ஆறரை. எதிர் வீட்டில் டிவி ஓடியது. யாரோ குழாயடிக்கு வந்தார்கள், எங்கள் வாசலைப் பார்த்ததும் குடத்தோடு திரும்பிப் போனார்கள். உள்ளே ஒரு பலூன் தானாக வெடித்தது. நான் பதறிப்போனேன், அவள் திரும்பக்கூட இல்லை.

ஆறே முக்காலுக்கு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எப்படிச் சொல்வது என்று மத்தியானத்திலிருந்து ஒத்திகை பார்த்திருந்தேன்.

"பாப்பா, இந்த வருசம் நாம ரெண்டு பேரும் மட்டும் வெட்டலாமா?"

"இல்லப்பா, வருவாங்க. அம்மாவே போயிக் கூப்பிட்டிருக்காங்க."

"என்ன கண்ணு சொல்ற?"

"ராஜாமணி அத்தை சொன்னாங்கல்ல, அம்மா வந்து கூப்பிட்டா வருவேன்னு. அதான் பேப்பரை எடுத்துட்டேன். அம்மா மூஞ்சி தெரியணும்ல? அஞ்சு வீட்லயும் எடுத்துட்டுத்தான் செருகினேன்."

பசை விடவில்லை. ஓரத்தைப் பிடித்து ஒவ்வொன்றாக உரித்திருக்கிறாள். அன்றைக்குக் கையிலிருந்த பிசுபிசுப்பு அதுதான். அதை நான் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டிருக்கிறேன்.

திட்டவும் இல்லை, கட்டிக்கொள்ளவும் இல்லை, படியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து, செருப்பில்லாமல், நேராக எதிர் வீட்டுக்குப் போனாள். நான் கூப்பிடுவதற்குள் அவர்கள் படியில் ஏறிவிட்டாள்.

"அத்தை."

டிவி சத்தம் குறைந்தது. ராஜாமணி அக்கா வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எங்கம்மா வந்து கூப்பிட்டாங்கல்ல? ஏன் நீங்க வரலை?"

"யாரு கண்ணு கூப்பிட்டா?"

"அம்மா. கார்டுல வந்தாங்கல்ல. உங்களுக்குத் தெரியணும்னுதான் மேல இருந்த பேப்பரை நான் எடுத்தேன். மூஞ்சி நல்லாத் தெரிஞ்சுதுல்ல?"

ராஜாமணி அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். தன்ஷிகா கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பிறகு திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வர்றாங்களா இல்லையான்னு சொல்லவே இல்லப்பா."

"சரி விடு" என்றேன். வேறென்ன சொல்ல?

உள்ளேயிருந்து மாமியார் கிழவியின் குரல் கேட்டது, அதற்கு மேலே ராஜாமணி அக்காவின் குரல் கேட்டது. "அந்தப் புள்ளை கேக்கறதுக்கு நீங்க வந்து பதில் சொல்லுங்க, நான் போகலை." அதற்குப் பிறகு பாத்திரம் உருளும் சத்தம் மட்டும். கேக்கை எடுத்து மூடி வைத்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஏழேகால் இருக்கும். கதவு திறந்தது. ராஜாமணி அக்கா புடவை மாற்றியிருந்தார். மிருதுளாவுக்கும் கவினுக்கும் தலை வாரியிருந்தது. கையில் மூடி போட்ட தூக்கு, ஆவி வந்துகொண்டிருந்தது.

"கேசரி" என்றார். "இந்த வருசம் உங்க வீட்ல பலகாரம் செய்யக்கூடாது, அக்கம்பக்கத்துல நாங்கதான் கொண்டாரணும். எங்க மாமியாருகிட்டச் சொல்லிட்டேன், இதுல ஒரு தப்பும் இல்லைன்னு." பிறகு கடைசி வீட்டுப் பக்கம் திரும்பி, காம்பவுண்டே கேட்கிற மாதிரி கத்தினார். "வனிதா! சசி கூப்பிட்டிருக்கா. புள்ளையை அனுப்பு!"

படி ஏறி உள்ளே வந்தார். நவம்பருக்குப் பிறகு முதல் தடவை. சுவரிலிருக்கிற சசி போட்டோவுக்கு முன்னால் ஒரு நிமிடம் நின்றார். அழுதார் என்று நினைக்கிறேன், நான் தட்டுகளைச் சரி செய்துகொண்டிருந்தேன்.

வனிதா வரவில்லை. ஆனால் ஜோஷிகா வந்தாள், ஓட்டமாக, கையில் ஒரு பென்சில் பாக்ஸோடு. வனிதா குழாயடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற மூன்று வீட்டுக் கதவும் திறக்கவில்லை.

கேக் வெட்டினோம். கவின் மூன்று துண்டு தின்றான். ராஜாமணி அக்கா கேக்கைத் தொடவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. மீதி நாற்பத்தெட்டு பலூன், நாலு பிள்ளைகள், ஆளுக்குப் பன்னிரண்டு. அரை மணி நேரத்தில் எல்லாம் வெடித்து முடிந்தது. காது கேட்காமல் போன மாதிரி இருந்தது. அப்படியொரு சத்தத்துக்கு இந்த வீடு எத்தனை நாள் காத்திருந்தது என்று எனக்கே தெரியவில்லை.

கிளம்பும்போது ராஜாமணி அக்கா வாசலில் நின்று குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, அந்தக் கார்டை நான் வெளிய போடலைங்க. ஓரத்தையும் கிழிக்கலை. கிழிக்கலாம்னுதான் எடுத்தேன், கை வரலை. மிக்சி பின்னாடி வெச்சிருக்கேன், மாமியாருக்குத் தெரியாம. திருப்பிக் கேக்காதீங்க."

கேட்க மாட்டேன் என்றேன்.

ஜூன் 23, திங்கள்

சொன்னபடி அக்கா வந்துவிட்டாள், காலை முதல் பஸ்ஸில், காலிப் பையோடு. நான் இன்னும் பெருக்கவில்லை. வீடு முழுக்க வெடித்த பலூன் துண்டு. அதில் கால் வைத்துக்கொண்டு நின்றாள்.

"யாருடி வந்தா?" என்று தன்ஷிகாவிடம்தான் கேட்டாள். என்னிடம் கேட்டால் பொய் சொல்வேன் என்று அவளுக்குத் தெரியும்.

"ராஜாமணி அத்தை, மிருதுளாக்கா, கவினு, ஜோஷிகா, அம்மா."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் துடைப்பத்தைத் தேடினேன். பிறகு நடந்ததையெல்லாம் சொன்னேன், அட்டை விஷயத்தையும் சேர்த்து. திட்டு விழும் என்று காத்திருந்தேன். பிறந்தநாளுக்குப் பள்ளிக்கூடத்தில் கலர் டிரெஸ் போட விடுவார்கள் என்று அவள் தன்ஷிகாவுக்கு மறுபடி அதே ரோஸ் கவுனை மாட்டிவிட்டாள். ஓரத்தைத் திருப்பிப் பார்த்தாள். அவிழ்த்த மடிப்பை விரலால் நீவினாள்.

"நீயாடா பிரிச்ச?"

"ஆமா."

"பிரிச்சா ஓரம் அடிக்கணும்டா, நூலு நூலாப் போயிரும்." ஊசியில் நூலைக் கோத்து, கவுனைப் போட்டபடியே அவளை நிற்க வைத்து ஓரம் அடித்துக் கொடுத்தாள். ஓமலூர் பேச்சை எடுக்கவே இல்லை. பஸ் ஏறும்போதும் காலிப் பை காலியாகவே இருந்தது. "அடுத்த வாரம் மாவு அரைச்சு எடுத்துட்டு வர்றேன். தோசை ஊத்தவாவது கத்துக்க" என்றாள்.

இப்போது ஆபீஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். லோடு வர நேரமிருக்கிறது.

அட்டை நல்ல கனம் என்று பதிமூன்றாம் தேதி எழுதியிருப்பது பொய். சசியின் பெயர் போட்ட ஒன்றைக் கிழித்துக் குப்பையில் போட என்னால் முடியவில்லை. வீட்டில் வைத்திருக்கவும் பயமாக இருந்தது. பிறந்தநாள் என்று ஒன்று வந்ததும், அவளை ஏதாவது ஒரு வேலைக்கு அனுப்பிவிடலாம் என்று தோன்றிவிட்டது. இதைத் தன்ஷிகா பசை தடவும்போதே புரிந்துகொண்டாள். எனக்குப் பத்து நாள் ஆனது. சசி, எனக்கு உன்னைத் தேடுகிறது. ஏழு மாதமாக இதை யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றாம் தேதிப் பக்கத்துக்குத் திரும்பிப் போய்ப் பட்டியலை டிக் அடித்தேன். பலூன், கேக், மிக்சர். ஆட்கள் என்பதற்கு நேராக நாலு என்று எழுதியிருந்தேன். சாயங்காலம் டே கேரிலிருந்து தன்ஷிகாவை ஆபீஸுக்கே கூட்டி வந்திருந்தேன், மேஜை மேல் எட்டிப் பார்த்தாள். அவளுக்கு எண்கள் நன்றாகத் தெரியும்.

"அப்பா, தப்பு. அஞ்சு."

அடித்துவிட்டு அஞ்சு என்று எழுதினேன்.